முத்துக்குளித்துறையில் இரண்டு வண்டிகள்

வேம்பாற்றிலிருந்து மணப்பாடு வரையில் நீண்டு கிடக்கும் முத்துக்குளித்துறைக் கடற்கரை, படத்தில் பார்ப்பவர்களுக்கு ஒரே மணற்பரப்பாகத் தோன்றக்கூடுமாயினும், அதன்மீது நாள்தோறும் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு அங்கே மூன்று வெவ்வேறு பூமிகள் உண்டு என்பது நன்றாகத் தெரியும். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் செல்லும் நாற்கரச் சாலைகள் ஒன்று. தருவைகுளம், முள்ளக்காடு, பழையகாயல் என்று ஊர் ஊராக விரிந்து கிடக்கும் உப்பளங்களின் களிமண் கரைகள் மற்றொன்று. குதிரைமொழி, காயாமொழி, சாத்தான்குளம் வட்டாரங்களில் குன்று குன்றாகக் குவிந்து கிடக்கும் செந்நிறத் தேரி மணல் மூன்றாவது. ஒரு வாகனம் இம்மூன்றிலும் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை. ஓரிடத்தில் அதன் குணமாக விளங்குவதே மற்றோரிடத்தில் அதன் குறையாக மாறிவிடுவதை இங்கே ஒரே நாளில் கண்டுகொள்ளலாம்.

இப்பகுதியில் துறைமுகத்து வணிகர் முதல் பனைவிளை வைத்திருக்கும் குடியானவர் வரையில் பலருடைய வீட்டு வாசலிலும் இப்போது காணப்படுகின்ற நாற்சக்கர இயக்க வாகனங்கள் இரண்டு: ஒன்று மகிந்திரா நிறுவனத்தின் தார், மற்றொன்று மாருதி சுஸுகி நிறுவனத்தின் ஜிம்னி. முன்னது இன்றைய உருவத்தில் 2020-ஆம் ஆண்டிலும், பின்னது ஐந்து கதவுகளோடு 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலும் விற்பனைக்கு வந்தன. எங்கள் இல்லத்தில் இருப்பது ஜிம்னி. என் மைத்துனர் வைத்திருப்பது டீசல் தார். காரியத்துக்கு ஏற்றபடி இரு வீட்டாரும் அவற்றை மாற்றி மாற்றி ஓட்டுவது வழக்கமாகிவிட்டமையால், ஒன்றை மட்டும் உடையவருக்கு இயல்பாக வந்துவிடும் பக்ஷபாதம் எனக்குச் சற்றே குறைந்திருக்கிறது என்று நம்புகிறேன்.

இரண்டின் ஸ்வபாவமும் அவற்றின் பூர்வோத்தரத்திலேயே அடங்கியிருக்கிறது. தாரின் குலமுதல்வன், இரண்டாம் உலக யுத்தத்துக்காக அமெரிக்க ராணுவம் கேட்டு வாங்கிய வில்லிஸ் ஜீப். அதனை 1947-ஆம் ஆண்டில் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கிய கம்பெனியே இன்றைய மகிந்திரா. ஜிம்னியோ யுத்தத்தில் பிறந்ததன்று. 360 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத எஞ்சின் உடைய சிறு கார்களுக்கு ஜப்பான் அளித்துவந்த சலுகைக்குள் அடங்கும்படியாக, 1970-ஆம் ஆண்டில் சுஸுகி செய்த எளிய வாகனமே அதன் ஆதி. அதன் அடுத்த தலைமுறை 1985-ஆம் ஆண்டு முதல் ஜிப்சி என்னும் பெயரோடு நம் நாட்டில் ஓடியதைப் பழைய போலீஸ் வண்டிகளைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாரம் சுமக்கவும் அடிபடவும் என்று பிறந்த வம்சம் ஒன்று, எடையைச் சிக்கனப்படுத்தியே தீரவேண்டும் என்று பிறந்த வம்சம் மற்றொன்று; இந்த வேற்றுமை இன்றைக்கும் தராசில் தெரிகிறது. இரண்டும் 3,985 மில்லிமீட்டர் நீளமே உடையவை. இரண்டும் ஏணி வடிவமான எஃகுச் சட்டத்தின்மேல் உடலைப் பொருத்திய பழைய முறையில் அமைந்தவை. ஆயினும் ஜிம்னி ஏறத்தாழ 1,200 கிலோகிராம் நிறுக்கும்போது, டீசல் தார் ஏறத்தாழ 1,750 கிலோகிராம் நிறுக்கிறது.

இந்த ஐந்நூற்றைம்பது கிலோ வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொண்டு எஞ்சின்களைப் பார்த்தால், விளம்பரத்தில் எளிதில் புலப்படாத ஓர் உண்மை வெளிப்படும். தாரின் 2.2 லிட்டர் டீசல் எஞ்சினுக்கு 130 குதிரைசக்தி. ஜிம்னியின் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு ஏறத்தாழ 105. எடையால் வகுத்துப் பார்க்குமிடத்து, டன்னுக்கு ஜிம்னியிடம் 87 குதிரைசக்தியும் தாரிடம் 74-ம் கிடைக்கின்றன. ஆகவே சிறியதே வலியது என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். ஆனால் சக்கரத்தைத் திருப்பும் முறுக்குவிசையைக் கணக்கிட்டால் முடிவு தலைகீழாகிறது: தாருக்கு 300 நியூட்டன் மீட்டர், ஜிம்னிக்கு 134; டன்னுக்கு முறையே 171-ம் 112-ம் ஆகும். அதிலும் டீசல் எஞ்சின் தன் முழு முறுக்குவிசையை நிமிஷத்துக்கு 1,600 சுற்றிலேயே தந்துவிடுகிறது. பெட்ரோல் எஞ்சினோ 4,000 சுற்று வரையில் ஏறினாலன்றித் தன் முழு பலத்தைக் காட்டுவதில்லை. ஆகையால், எட்டயபுரம் வழியாக மதுரை செல்லும் சாலையில் துறைமுகத்துக் கண்டெய்னர் லாரி ஒன்றைக் கடக்க வேண்டுமாயின், தாரில் காலை இலேசாக அழுத்தினால் போதும். ஜிம்னியில் கியரை ஒரு படி இறக்கி, எஞ்சின் இரைவதைப் பொறுத்துக்கொண்டு, எதிரே வெற்றிடம் நன்றாக நீண்டு கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

நெடுஞ்சாலையில் வேறொரு பேதமும் உண்டு. ஜிம்னியின் முன்சக்கரங்கள் இரண்டும், பின்சக்கரங்கள் இரண்டும், தனித்தனியே ஒற்றை அச்சுக்கட்டையால் இணைக்கப்பட்டவை. ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் அதன் செய்தி அச்சின் வழியே மறு சக்கரத்துக்கும் சென்று சேர்கிறது. மேடுபள்ளம் மிகுந்த தடத்தில் இதுவே பெரிய உபகாரம். ஒரு பக்கம் மேலே தள்ளப்படும்போது மறு பக்கம் கீழே அழுத்தப்படுவதால் நான்கு சக்கரங்களும் நிலத்தை விடாமல் பற்றிக்கொள்கின்றன. ஆனால் அதே அமைப்பு, சமமான சாலையில் விரைந்து செல்லும்போது ஸ்டியரிங்கைச் சற்று அலைபாயச் செய்கிறது. தாருக்கு முன்புறம் ஒவ்வொரு சக்கரமும் சுயேச்சையாக அசையும். பின்புறம் மட்டுமே ஒற்றை அச்சு. அதனால் வேகத்தில் அது நிதானமாக இருக்கிறது. நாட்டின் முதற் காற்றாலைப் பண்ணைகளுள் ஒன்றை 1986-ஆம் ஆண்டில் முள்ளக்காட்டருகே நிறுவத் தூண்டிய காற்று இன்றும் இங்கே ஓய்ந்துவிடவில்லை. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று குறுக்கே வீசும் பிற்பகலில், உயரமும் இலேசான உடலும் கொண்ட ஜிம்னியை நேர்க்கோட்டில் நடத்துவதற்கு இரண்டு கைகளும் வேண்டும்.

இரண்டு வண்டிகளுக்கும் பொதுவாக உள்ளதும், வாங்கியவர்களில் பலர் விளங்கிக்கொள்ளாமல் விட்டுவிடுவதுமான விஷயம் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். நடுவிலே இருக்கும் சிறிய நெம்புகோலைத் தள்ளி நாற்சக்கர இயக்கத்துக்கு மாற்றும்போது, முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலும்படி இறுகப் பூட்டப்படுகின்றன. வளைவில் திரும்பும் வண்டியின் முன்சக்கரங்கள், பின்சக்கரங்களைக் காட்டிலும் பெரிய வட்டத்தில் செல்வதால் அதிக தூரம் உருள வேண்டியவை. இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிட்டால் அந்த வேற்றுமைக்குப் போக்கிடம் இராது. மணலிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்தக் கணக்கை நேர்செய்துகொள்கிறது. கெட்டியான சாலையில் வழுக்க இயலாமையால் அச்சுகளும் பற்சக்கரங்களும் முறுக்கேறி வருந்துகின்றன. ஆகையால் இவ்விரண்டு வாகனங்களும் சாலையில் பின்சக்கர வண்டிகளாகவே ஓடவேண்டியவை; மழை பெய்கிறதே என்று நெடுஞ்சாலையில் நெம்புகோலைத் தள்ளிவிடுவது பெருந்தவறு. போதாக்குறைக்கு, 2023-ஆம் ஆண்டு முதல் பின்சக்கர இயக்கம் மட்டுமே உடைய தாரும் விற்கப்படுகிறது. தோற்றத்தைக் கண்டு அதனைத் தேரிக்குள் இறக்கியவர், டிராக்டர் தேடி நடக்க நேர்ந்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இனித் தேரிக்கு வருவோம். தென்மேற்குக் காற்று நெடுங்காலமாக வாரிக்கொண்டுவந்து குவித்த இந்த மணல், இரும்பு ஆக்ஸைடு பூச்சினால் சிவந்த, உருண்டு தேய்ந்த படிகக்கல் துகள்களால் ஆனது. குதிரைமொழித் தேரியின் பெரும்பகுதி வனத்துறையின் காப்புக்காடு ஆதலால், விளையாட்டுக்காக அதில் வண்டி ஓட்டுவது தகாது; அதற்கு இக்கட்டுரை உடந்தையும் அன்று. ஆனால் பங்குனி உத்திரத்தன்று குலதெய்வமான சாஸ்தாவைத் தேடி அருஞ்சுனை காத்த ஐயனார் கோயிலுக்கும், கற்குவேல் ஐயனார் கோயிலுக்கும் குடும்பத்தோடு வருபவர்கள் வண்டியை மணலில்தான் நிறுத்தவேண்டும். பனைவிளைக்குப் பதநீர்க் காலத்தில் செல்பவர்களும் மணல் மூடிய வண்டித்தடத்தில்தான் செல்லவேண்டும். தேரி மணலோடு நமக்குள்ள சகவாசம் அவ்வளவே. அதற்குள்ளாகவே பௌதிக சாஸ்திரம் தன் முழுப் பாடத்தையும் நடத்திவிடுகிறது.

எடை குறைந்த வண்டி மணலில் புதையாது என்பது பொதுவாக நிலவும் அபிப்பிராயம். இது பாதி உண்மையே. டயருக்குள் அடைபட்ட காற்றுத்தான் வண்டியைத் தாங்குகிறது. ஆகவே டயர் நிலத்தை அழுத்தும் அழுத்தம், ஏறத்தாழ அதனுள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகவே இருக்கும். இருவர் ஏறிய ஜிம்னியின் ஒரு சக்கரம் சுமப்பது ஏறக்குறைய 340 கிலோகிராம். தாரின் ஒரு சக்கரம் சுமப்பது 475. இரண்டிலும் 30 பிஎஸ்ஐ, அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோகிராம் வீதம் காற்று அடித்திருந்தால், ஜிம்னியின் டயர் ஏறத்தாழ 160 சதுர சென்டிமீட்டர் நிலத்தையும், தாரின் டயர் ஏறத்தாழ 225 சதுர சென்டிமீட்டர் நிலத்தையும் தொட்டுக்கொண்டிருக்கும். கனமான வண்டி தன் காலடியை அதற்கேற்ப அகலமாக ஊன்றிக்கொள்கிறது. அழுத்தம் இரண்டிலும் ஒன்றுதான். டயரின் விறைப்பு இக்கணக்கைச் சற்றே மாற்றுமாயினும், தத்துவம் மாறாது. ஆகவே மணலில் வெற்றியும் தோல்வியும் முதலில் தீர்மானிக்கப்படுவது கம்பெனியின் பெயரால் அன்று, டயரில் விட்டிருக்கும் காற்றின் அளவினாலேயாம். 30 பிஎஸ்ஐயை 15 ஆகக் குறைத்தால் காலடி இரண்டு மடங்காகிறது. அந்தப் பெருக்கம் பெரும்பாலும் நீளவாட்டிலேயே நிகழ்வதால், சக்கரம் தனக்கு முன்னே மணலை மேடாகத் தள்ளித் தள்ளி அதன்மேல் ஏற முயலும் வீண்வேலையும் குறைந்துவிடுகிறது.

பின் எங்கே எடை பேசுகிறது? புதைந்தபின் பேசுகிறது. மணலின் பலம் துகளுக்கும் துகளுக்கும் இடையேயுள்ள உராய்வேயன்றி வேறில்லை. மேலே பாரம் இருக்கும் வரையில் கீழ்த் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். சக்கரம் சுழன்று மேல்மணலை வாரி எறிந்துவிட்டாலோ, பற்றுக்கோடு இழந்த மணல் பக்கவாட்டில் சரிந்து வண்டியை அச்சு வரையில் விழுங்கிவிடும். அப்போது ஜிம்னியை, கையால் மணலை வாரிவிட்டு, உறவினர் நால்வர் தோள்கொடுத்தால் பெரும்பாலும் எடுத்துவிடலாம். தாருக்கு வேறொரு வண்டியும் கயிறும் தேவைப்படும். புதையாமல் இருப்பதற்கு வேண்டிய கருவிகளில் தாருக்கே மேன்மை உண்டு என்பதையும் மறைக்கக்கூடாது. அதன் சக்கரத்தின் முழு விட்டம் ஏறத்தாழ 79 சென்டிமீட்டர், ஜிம்னியினுடையது 69. விட்டம் பெரிதானால் மணல்மேட்டின்மேல் ஏறும் கோணம் சாய்வாகிறது. தரைக்கும் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளியும் தாருக்கு 226 மில்லிமீட்டர், ஜிம்னிக்கு 210. மேலும் தாரின் சில வகைகளில், பின்சக்கரங்களில் ஒன்று வெறுமனே சுழலத் தொடங்கியதும் இரண்டையும் தானாகவே ஒன்றாகப் பூட்டிவிடும் இயந்திரப்பூட்டு அமைந்திருக்கிறது. ஜிம்னியோ சுழலும் சக்கரத்தைப் பிரேக்கினால் பிடித்து நிறுத்தி, அதற்குப் போன சக்தியை மறு சக்கரத்துக்குத் திருப்புகிறது. பிரேக்கினால் பிடிப்பது எஞ்சின் சக்தியில் ஒரு பங்கைச் சூடாக்கி வீணடிப்பதுதான். சிறிய எஞ்சினுக்கு அந்த இழப்பு மணலில் பொருட்படுத்தத்தக்கது. ஆகையால் ஜிம்னி ஓட்டுபவர், ஏறத்தாழ இரட்டிப்பு இழுவை தரும் தாழ்நிலைக் கியருக்கு முன்கூட்டியே மாற்றி, எஞ்சினைச் சுறுசுறுப்பாக வைத்துக்கொண்டு மணலுக்குள் நுழைய வேண்டும்.

மணலும் எப்போதும் ஒரே மணல் அன்று. அதிகாலையில் பனி ஈரம் துகள்களுக்கிடையே நுண்ணிய நீர்ப்பாலங்களாகத் தங்கி, பரப்பு இழுவிசையால் அவற்றை ஒன்றோடொன்று கட்டிவைக்கிறது. வெயில் ஏறியதும் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். காலையில் சுலபமாகச் சென்ற தடம் நண்பகலில் மறுப்பது இதனாலேதான். கோயில் தரிசனம் முடிந்து சாலைக்கு வந்தவுடன் டயரில் மீண்டும் காற்றடிக்காமல் வேகமாக ஓட்டுவதோ பேராபத்து. தளர்ந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து சூடேறி வெடித்துவிடக்கூடும்.

உப்பளக் கரைகளில் கதை வேறு. மழைக்குப்பின் அங்கே மேலே விரற்கடை அளவு வழுக்குச் சேறும், அதன் கீழே கெட்டியான களியும் இருக்கும். தாரின் 255 மில்லிமீட்டர் அகல டயர் அச்சேற்றின்மேல் மிதந்து வழுக்குகிறது. ஜிம்னியின் 195 மில்லிமீட்டர் டயர் அதனை அறுத்துக்கொண்டு கீழே உள்ள கெட்டித் தரையைத் தொட்டுவிடுகிறது. கரையின் அகலமும் குறுகலாதலால் இங்கே எனக்குச் சந்தேகமே இல்லை: ஜிம்னிதான்.

வெள்ளத்தைப் பற்றிய கேள்வியை இம்மாவட்டத்தார் இப்போது கேட்காமல் இருப்பதில்லை. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 946 மில்லிமீட்டர் மழை கொட்டி, ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் தனித்தீவுகளாகிப் போனதை மறந்தவர் யார்? தார் 650 மில்லிமீட்டர் ஆழம் வரையில் நீரைக் கடக்கும் என்று அதன் உற்பத்தியாளர் சொல்லுவது நிலைநீருக்கே பொருந்தும். நீரில் அமிழ்ந்த பொருள், தான் விலக்கிய நீரின் எடைக்குச் சமமான எடையை இழக்கும் என்ற ஆர்க்கிமிடீஸின் விதிக்கு வாகனங்கள் விலக்கல்ல. கதவுகள் மூடிய ஜிம்னியின் அடித்தளப் பரப்பு சுமார் ஐந்தரைச் சதுர மீட்டர் என்று கொண்டால், அடித்தளத்துக்கு மேலே நீர் ஏறும் ஒவ்வொரு பத்து சென்டிமீட்டருக்கும் அது ஏறத்தாழ 550 கிலோ எடையை இழக்கிறது. உள்ளே நீர் புகுவதற்குள், இருபது சென்டிமீட்டர் ஏறிவிட்டாலே சக்கரங்களுக்குத் தரையைப் பற்றுமளவு எடை மிஞ்சாது. சுக்கான் இல்லாத தோணியைப் போல அது நீர் போகும் போக்கில் போய்விடும். தாருக்கு இன்னும் பத்து சென்டிமீட்டர் தவணை கிடைக்கும், அவ்வளவே. மணலில் உதவிய இலேசான உடல் இங்கே சத்துருவாகிறது. ஓடும் நீர் சாலையை மூடியிருக்கும்போது இரண்டு வண்டிகளையும் வீட்டிலேயே நிறுத்திவைப்பதுதான் உசிதம்.

நம் கடற்கரையில் வண்டியின் உண்மையான பகைவன் மணலும் அன்று, வெள்ளமும் அன்று, உப்பு. உப்பு மிகுதியாக விளையும் இப்பகுதியில், காற்றிலும் உப்பு, உப்பு லாரிகள் சிந்திச் செல்லும் சாலையிலும் உப்பு. இரும்பு துருப்பிடிப்பது ஒரு மின்ரசாயன விளைவு: உலோகத்தின் ஓரிடம் எலெக்ட்ரான்களை இழந்து கரைய, மற்றோரிடத்தில் அவற்றைப் பிராணவாயுவும் நீரும் ஏற்றுக்கொள்கின்றன, இரண்டிடங்களையும் இணைக்கும் ஈரப்படலத்தில் உப்பு கரைந்திருந்தால் மின்னோட்டம் தடையின்றி நடக்கிறது. மழை பெய்யவில்லையே என்று நாம் மெத்தனமாக இருக்கமுடியாது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானாகவே நீரை ஈர்த்துக் கரைசலாகிவிடும். நம் ஊர் இரவுகளில் அது எளிதில் நிகழ்வது. உப்பு வாரியபின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரில் மிகுந்துள்ள மக்னீசியம் குளோரைடோ, 33 சதவீத ஈரத்திலேயே கசியத் தொடங்கிவிடும். அது பட்ட இரும்பு கோடையிலும் முழுவதுமாக உலர்வதில்லை. ஏணிச் சட்டத்தின் பெட்டி போன்ற உட்புறங்களில் மணலும் உப்புச்சேறும் தங்கிக்கொள்வதால், இந்த விஷயத்தில் தாரும் ஜிம்னியும் ஒரே துயரத்துக்கு உரியவை. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தை, மேலே பளபளக்கும் பெயின்டைக் கழுவுவதைக் காட்டிலும் சிரத்தையோடு கழுவ வேண்டும்.

வீட்டுக் காரியங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூன்று கதவுத் தாரின் பின்னிருக்கையில் ஏறுவதற்கு முன்னிருக்கையை மடக்கி வழிவிட வேண்டும். முழங்கால் வலியுள்ள என் தாயாருக்கு அது கைகூடாத காரியம். 2024-ஆம் ஆண்டில் வந்த ஐந்து கதவுத் தார் ராக்ஸ் இக்குறையைத் தீர்த்தாலும், அது நீளமும் விலையும் மிகுந்த வேறொரு வண்டி. ஜிம்னியின் பின்னிருக்கையோ ஏறுவதற்கு எளிது, நெடுநேரம் உட்காருவதற்குச் சுமார். அகலத்தில் ஜிம்னி 1,645 மில்லிமீட்டர், தார் 1,820. ஒரு சாணுக்குக் குறைவான இந்த வேற்றுமை, பனிமய மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில் பெரிய வேற்றுமையாகத் தெரிகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. தூத்துக்குடி நகரத்துக்குள்ளேயே பெரும்பாலும் புழங்கி, உப்பளத்துக்கும் பனைவிளைக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் முதியோரோடு சென்றுவருபவர் ஜிம்னியை வாங்கலாம். வாரந்தோறும் மதுரைக்கோ அதற்கு அப்பாலோ சாமான்களோடு விரைந்து செல்ல வேண்டியவரும், பின்னிருக்கையில் ஏறுவதற்கு வீட்டில் முதியோர் இல்லாதவரும் டீசல் தாரை வாங்கலாம். எதை வாங்கினாலும், அலங்கார விளக்குகளுக்கும் பெரிய பம்பர்களுக்கும் பணம் செலவழிப்பதற்கு முன்பாக, டயரின் காற்றழுத்தத்தைக் காட்டும் நல்லதொரு மீட்டரையும், வண்டியின் மின்சாரத்தில் இயங்கும் சிறிய காற்றுப் பம்பையும் வாங்கி வைத்துக்கொள்ளும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.